நகத்தளவு மலை

ஒரு மலை. அந்த மலைக்குக் கீழ ஒரு ஊரு. அந்த ஊர்ல ஒரு ஜீப்புக்காரி. கண்ண மூடிக்கோ, காத மட்டும் திறந்து வச்சுக்கோ. நான் நிறுத்துற எடத்துல நீ "ம்" சொல்லணும். சத்தம் வரலைன்னா நீ தூங்கிட்டன்னு நெனச்சு நானும் படுத்துருவேன்.

"ம்."

அவ பேரு ஒச்சம்மா. கோழி கூப்புடுறதுக்குள்ள எந்திரிச்சு ஜீப்ப எடுத்துருவா. மேல ஏலத்தோட்டத்துல காய் எடுக்குற பொம்பளைங்க எல்லாம் முக்குல நிப்பாங்க. அவங்கள அள்ளிப் போட்டுக்கிட்டு டுர்ர்ர்ருன்னு மலை ஏறுவா. சாயங்காலம் திரும்ப அள்ளிக்கிட்டு இறங்குவா. அவளுக்கு உக்காந்து சாப்புடத் தெரியாது. நின்னுக்கிட்டே நாலு வாய் அள்ளிப் போட்டுட்டு, கைய வேட்டியில துடைக்கிற ஆம்பளை மாதிரி சேலையில துடைச்சுக்கிட்டு கிளம்பிருவா. அப்படி ஒரு பறப்பு.

ஆனா அந்த ஜீப்ப முதல்ல ஓட்டுனது அவ இல்ல. அவ புருசன் சின்னமாயன். நல்ல டிரைவரு. அப்புறம் என்னாச்சு, அவரு கண்ணுல ஓரம் இருட்ட ஆரம்பிச்சுச்சு. முதல்ல பக்கவாட்டுல வர்ற ஆடு தெரியல. அப்புறம் பக்கவாட்டுல வர்ற மாடு தெரியல. அப்புறம் ஒருநாள் பக்கவாட்டுல வந்த பஸ்ஸே தெரியல. கிறீச்சுன்னு பிரேக் போட்டு, மயிரிழையில தப்பிச்சு வந்து, சாவிய ஒச்சம்மா கையில குடுத்துட்டாரு. டாக்டரு பாத்துட்டு, நடுக்கண்ணு நல்லா இருக்கு, ஓரம் போனது போனதுதான், திரும்ப வராதுன்னு சொல்லிட்டாரு.

அது எப்படி இருக்கும்னு தெரியணுமா? உன் கைய குழல் மாதிரி சுருட்டு. நல்லா இறுக்கமா. இப்ப ஒரு கண்ண மட்டும் திறந்து, அதுல வச்சுப் பாரு. என்ன தெரியுது?

"உங்க மூக்கு."

முழு மூஞ்சி தெரியுதா?

"மூக்கு மட்டும்தான்."

அதான். சின்னமாயனுக்கு எப்பவும் அப்படித்தான். மூக்கு தெரிஞ்சா கண்ணு தெரியாது, கண்ணு தெரிஞ்சா காது தெரியாது. தெரியிறது மட்டும் பளிச்சுன்னு தெரியும். சோத்துல கல்லு கெடந்தா அவருதான் கண்டுபிடிப்பாரு. ஆனா சோத்துத் தட்டு முழுசா தெரியாது. வீட்டுல சமையல் அவருதான். ஜீப்புக்கு கிரீஸ் போடுறதும் அவருதான். எல்லாம் தொட்டுத் தொட்டு, கொஞ்சம் கொஞ்சமாப் பாத்து.

அவ சாயங்காலம் வந்து இறங்குனதும் அவரு கேப்பாரு, "ஒச்சு, இன்னிக்கு மலை எப்படி இருந்துச்சு?"

"மலை மலையாத்தான் இருந்துச்சு மாமா. தண்ணி குடு."

மறுநாளும் கேப்பாரு. "மேகம் இறங்கியிருந்துச்சா?"

"யாரு பாத்தா. முன்னாடி லாரிக்காரன் போனான். அவன் புகையத்தான் பாத்தேன்."

அப்படியே போச்சு. அப்புறம் ஒரு நாள்ல இருந்து அவரு கேக்குறத விட்டுட்டாரு. அவ அத கவனிக்கக்கூட இல்ல.

ம் சொல்லு.

"ம்."

அப்போ ஐப்பசி வந்துச்சு. அடைமழை. சடசடசடன்னு ஊத்துது. ஒருநாள் விடியக்காலையில மலையில தடதடதடன்னு ஒரு சத்தம், ஊரே வெளிய வந்து பாக்குது. மலை ரோடு சரிஞ்சு விழுந்துருச்சு. பாறையும் மண்ணும் மரமும் ரோட்டுக்கு மேல வந்து படுத்துருச்சு. நல்லவேளை ஆளு யாரும் இல்ல. செக்போஸ்டுல கட்டைய இறக்கிட்டாங்க. ஒரு வண்டி மேல போகக்கூடாது. எப்ப திறக்கும்னு கேட்டா, மண்ண அள்ளி முடிச்சப்புறம்னு சொன்னாங்க. மண்ண எப்ப அள்ளி முடிப்பீங்கன்னு கேட்டா, மழை நின்னப்புறம்னு சொன்னாங்க. மழை எப்ப நிக்கும்னு யாருகிட்ட கேக்குறது?

அப்போ ஒச்சம்மா வீட்டுல இருந்தா. இருந்தான்னா, உடம்புதான் இருந்துச்சு. கையும் காலும் இல்ல. உக்காந்தா வலது காலு தரைய அமுக்குது, ஆக்சிலேட்டர்னு நெனச்சு. இடது கை சோத்துக் கரண்டியப் பிடிச்சு படக் படக்குன்னு கியர் போடுது. ஜீப்பக் கழுவுனா. கழுவுன ஜீப்ப மறுபடியும் கழுவுனா. காலையில செக்போஸ்டு வரைக்கும் நடந்து போயி, "திறந்தாச்சா"ன்னு கேப்பா. "இல்லக்கா"ம்பான் அங்க நிக்கிறவன். மத்தியானம் போயி கேப்பா. சாயங்காலமும் போயி கேப்பா. அவன் இவ தலையைக் கண்டதுமே கைய ஆட்டிருவான்.

"எதையாவது கையில எடு ஒச்சு. இப்படி நடந்தா வீடு தேஞ்சுரும்"னு சின்னமாயன் சொன்னாரு.

சரின்னு ஒயர் கூடை பின்ன உக்காந்தா. ரெண்டு வரிசை பின்னுனா, மூணாவது வரிசையில சிக்கு விழுந்துச்சு, சொத்துன்னு மூலையில எறிஞ்சுட்டா. அப்புறம் கொல்லையில பாத்தி வெட்டப் போனா. வெட்டுனா வெட்டுனா, மத்தியானத்துக்குள்ள கொல்லை முழுக்க வெட்டி முடிச்சு, முருங்கை மரத்து வேரையும் வெட்டிட்டா. அப்புறம் சும்மா படுத்துப் பாத்தா. படுத்தா கூரை ஓடு ஒவ்வொண்ணா எண்ணுது மனசு. படக்குன்னு எந்திரிச்சு, குடையக்கூட எடுக்காம, மழையில நனைஞ்சுக்கிட்டே செக்போஸ்டுக்கு நடந்துட்டா.

"அவளுக்கு தூக்கம் வரலையா?"

வரல. உன்ன மாதிரித்தான். காலை ஆட்டாத, போர்வை நழுவுது பாரு.

செக்போஸ்டுக்குப் பக்கத்துல ஒரு டீக்கடை. அங்க பெஞ்சுல ஒரு பொம்பளை உக்காந்துருக்கா. வெளியூரு. தலையில முக்காடு. மூக்கு நுனியில கண்ணாடி. மடியில ஒரு பலகை, பலகையில ஒரு சின்ன அட்டை. அட்டைன்னா எம்புட்டு? உன் கட்டைவிரல் நகம் இருக்குல்ல, அதவிடக் கொஞ்சம் பெருசு, அவ்வளவுதான். பக்கத்துல சிப்பி ஓட்டுல கலரு. கையில ஒரு பிரஷ். அந்தப் பிரஷ்ஷோட நுனி கண்ணுக்கே தெரியல.

ஒச்சம்மா குனிஞ்சு பாத்தா. அட்டையில ஒரு மாமரம். மரத்துல இலை, இலைக்கு நடுவுல காய், காய்ல ஒரு கிளி கொத்துது. கிளி மூக்கு செவப்பு.

"இத எதுல வரையிற?"

"அணில் வால் முடியிலக்கா. நாலஞ்சு முடிய சேத்துக் கட்டுவாங்க. ஆனா வரையிறது ஒரே ஒரு முடி நுனிதான்."

அந்தப் பொம்பளை பேரு தாஹிரா. மேல மலை ஊர்ல ஒரு கடைக்கு இந்தச் சின்னப் படங்களக் கொண்டுக்கிட்டுப் போறவ. ரோடு அடைச்சதால டீக்கடைக்குப் பின்னாடி இருக்குற லாட்ஜ்ல தங்கிருக்கா.

"உனக்கு ரொம்பப் பொறுமை"ன்னு சொன்னா ஒச்சம்மா.

தாஹிரா சிரிச்சா. "பொறுமை இருந்தா நான் பேசாம லாட்ஜ்ல படுத்துருப்பேனே. சும்மா இருக்க முடியலக்கா, அதான் இது. நீங்க கூட அப்படித்தான் போல. காலையில இருந்து மூணு வாட்டி வந்துட்டீங்க." சொல்லிட்டு பிரஷ்ஷ நீட்டுனா. "பிடிச்சுப் பாருங்க."

ஒச்சம்மா பிரஷ்ஷப் பிடிச்சா. ஸ்டீயரிங் பிடிச்ச கை, அதுல பிரஷ் நிக்குமா? ஒரு துண்டு அட்டையில கோடு போடப் போனா, காலு ஆடுது, கால் ஆட்டத்துல முழங்கால் ஆடுது, முழங்கால் ஆட்டத்துல பலகை ஆடுது, கோடு சர்ருன்னு அட்டைய விட்டே வெளிய ஓடிருச்சு.

"மூச்ச மெதுவா விட்டுக்கிட்டே போடுங்க"ன்னா தாஹிரா.

இவ மூச்ச விடுறேன்னு புஸ்ஸுன்னு விட்டா, கலரு தெறிச்சு டீக்கிளாசுல விழுந்துச்சு. சரி விடவே வேணாம்னு மூச்ச அடக்கிக்கிட்டு உக்காந்தா, முகம் செவந்து தும்மல் வந்து, நச்சுன்னு ஒரு தும்மல், அந்த அட்டையும் போச்சு.

அப்போதான் அவளுக்கு ஒண்ணு தோணுச்சு. ஏத்தத்துல வண்டி நிக்குதுன்னு வை. பின்னாடி லாரி, முன்னாடி பஸ்ஸு. பிரேக்க விட்டா பின்னாடி உருளும். ஆக்சிலேட்டர அமுக்குனா முன்னாடி இடிக்கும். அப்போ டிரைவரு என்ன செய்வாரு? கிளச்ச பாதி விட்டுப் பிடிப்பாரு. வண்டி உறுமிக்கிட்டே இருக்கும், ஆனா ஒரு இஞ்சு நகராது. ஓடுறதும் இல்ல, நிக்கிறதும் இல்ல. பாதி கிளச்சு.

ஒச்சம்மா இடது காலத் தரையில அமுக்கி, பாதி விட்டுப் பிடிச்சா. உடம்பு உள்ளுக்குள்ள உறுமிக்கிட்டுத்தான் இருக்கு. கை மட்டும் நின்னுருச்சு. பிரஷ்ஷ இறக்குனா. ஒரு கோடு. தலைமுடி மாதிரி ஒரு கோடு.

"யா அல்லா"ன்னு மெதுவா சொன்னா தாஹிரா. "எப்படிக்கா?"

"கிளச்சு"ன்னா ஒச்சம்மா.

தாஹிராவுக்கு ஒண்ணும் புரியல. இவளும் சொல்லல.

ம்?

"ம்."

அப்புறம் தினம் டீக்கடைதான். ரெண்டு பேரும் எதிர் எதிர் பெஞ்சுல உக்காந்து குனிஞ்சுக்கிட்டு இருப்பாங்க. ஒச்சம்மா ஒரு எறும்பு வரைஞ்சா. ஒரு ஏலக்காய் வரைஞ்சா. கொஞ்ச நாள்ல தாஹிரா, "இனிமே என்னால காத்துருக்க முடியாதுக்கா, நான் சுத்து வழியில போறேன்"னு சொல்லிட்டு பஸ் ஏறிட்டா. போகும்போது ஒரு பிரஷ்ஷையும், கலரு காய்ஞ்ச சிப்பிகளையும், வெட்டுன அட்டைக் கட்டையும் இவ கையில திணிச்சுட்டுப் போனா.

ஒச்சம்மா அத வீட்டுக்குக் கொண்டு வந்தா. ஆனா சின்னமாயன்கிட்ட சொல்லல. ஏன் சொல்லல? அவரு கண்ணு அப்படி இருக்கும்போது, கண்ணாலேயே செய்யிற வேலைய அவரு முன்னாடி உக்காந்து செய்யிறதான்னு அவளுக்குக் கூசுச்சு. பெருசா இருக்குற வாசப்படியே அவருக்குத் தெரியல, இந்த நகத்தளவு படம் எங்க தெரியப் போகுதுன்னு நெனச்சா. அதனால அவரு அடுப்படியில இருக்கும்போது ஜீப்புக்குள்ள போயி உக்காந்து வரைவா. வரைஞ்சு முடிச்சு டேஷ்போர்டு டப்பாவுல போட்டு மூடிருவா. மனசுக்குள்ள ஒரு திருட்டுத்தனம் வேற. அவரு கூப்புட்டா திடுக்குன்னு இருக்கும்.

"ஜீப்புல என்ன செய்யிற இம்புட்டு நேரம்?"ன்னு அவரு கேப்பாரு.

"ஒயரு பாக்குறேன் மாமா."

"ஓடாத வண்டியில என்ன ஒயரு"ன்னுட்டு, அவரு மேல கேக்க மாட்டாரு.

இப்படி இருக்கும்போது ஒருநாள் காலையில அவ கொல்லைப்பக்கம் வந்தா. அங்க சின்னமாயன் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்துல நிக்கிறாரு. மலையப் பாத்துக்கிட்டு. தலைய மெதுவா இந்தப் பக்கம் இருந்து அந்தப் பக்கம் திருப்புறாரு. நிறுத்துறாரு. திரும்பக் கொண்டு வர்றாரு. எதையோ தேடுறாரு, கிடைக்கல, மறுபடியும் முதல்ல இருந்து. அப்புறம் தலையக் குனிஞ்சுக்கிட்டாரு.

"என்ன மாமா தேடுற?"

"ஒண்ணும் இல்ல. ஒரு பாறை தெரியுது. கொஞ்சம் தள்ளி ஒரு மரம் தெரியுது. பாறை எந்தப் பக்கம், மரம் எந்தப் பக்கம், அது மேலயா கீழயா, ஒண்ணுக்கொண்ணு ஒட்ட மாட்டேங்குது. முழு மலையும் தெரியணும்னா நான் பக்கத்து ஜில்லாவுல போயி நின்னுதான் பாக்கணும்."

சொல்லிட்டு லேசா சிரிச்சாரு. ஒச்சம்மாவுக்கு சிரிப்பு வரல. அவரு கேள்வி கேக்குறத நிறுத்துனது அவளுக்கு அப்போதான் உறைச்சுச்சு. எப்ப நிறுத்துனாருன்னு யோசிச்சுப் பாத்தா. தெரியல. அன்னிக்குப் பூரா அவளுக்கு ஒரு எடத்துல இருப்புக் கொள்ளல. வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்துக்கிட்டே இருந்தா.

அப்புறம் ரெண்டொரு நாள் கழிச்சு, ஒச்சம்மா செக்போஸ்டுக்குப் போயிருக்கா. சின்னமாயன் ஸ்பேனர் தேடிக்கிட்டு ஜீப்புக்குள்ள கைய விட்டாரு. டேஷ்போர்டு டப்பாவத் திறந்தாரு. கையில ஒரு சின்ன அட்டை பட்டுச்சு. ஏதோ டிக்கெட்டுன்னு நெனச்சு கண்ணுக்கு நேராக் கொண்டு போனாரு.

என்ன இருந்துச்சு தெரியுமா?

"எறும்பு?"

எறும்பு இல்ல. ஜீப்பு. அவங்க ஜீப்பேதான். வெள்ளை ஜீப்பு, மழையில நனைஞ்சு நிக்கிற மாதிரி வரைஞ்சுருக்கா.

அவ திரும்பி வரும்போது அவரு ஜீப்பு சீட்டுல உக்காந்துருக்காரு, அந்த அட்டைய மூக்குக்கு நேராப் பிடிச்சுக்கிட்டு. ஒச்சம்மாவுக்கு திக்குன்னுச்சு. அகப்பட்டுக்கிட்டோம்னு நெனச்சு, "அது சும்மா மாமா, பொழுது போகல"ன்னு இழுத்தா.

அவரு திரும்பவே இல்ல. "ஒச்சு, முன்னாடி பம்பரும் பின்னாடி ஸ்டெப்னியும் ஒரே நேரத்துல தெரியுது."

"என்ன?"

"நம்ம வீதியில எதிர்வீட்டுச் சுவரு முதுகுல இடிக்கிற வரைக்கும் பின்னால போனாலும் எனக்கு ஜீப்புல ஒரு லைட்டுதான் தெரியும். இது முழுசாத் தெரியுது. நாலு ஓரமும் தெரியுது. சக்கரத்துல சேறு கூடத் தெரியுது." "எத்தனை வருசம் ஆச்சு, ஒரு வண்டிய முழுசாப் பாத்து."

ஒச்சம்மா அப்படியே நின்னுட்டா. பெருசு தெரியாத கண்ணுக்கு சின்னது எப்படித் தெரியும்னு இவ நெனச்சுருந்தா. இப்பப் பாத்தா, அந்தக் குழலுக்குள்ள நுழையிறது சின்னது மட்டும்தான். இது அவளுக்குத் தோணவே இல்ல.

அப்புறம் அவரு தயங்கித் தயங்கிக் கேட்டாரு, "மலைய இப்படி வரைய முடியுமா?"

"அதுக்கென்ன மாமா. தினம் ஏறுற மலைதான"ன்னா அவ.

அன்னிக்கே உக்காந்தா. மூணு கூம்பு போட்டா, பச்சை அடிச்சா, நடுவுல சூரியன வச்சா, ஓடிப் போயி நீட்டுனா. சின்னமாயன் பாத்தாரு. "அழகா இருக்கு ஒச்சு. இது எந்த ஊரு மலை?"

அவளுக்கு முகம் சுண்டிப் போச்சு. ஆனா அவரு கேலி பண்ணல, நெசமாத்தான் கேட்டாரு.

மறுபடியும் உக்காந்தா. இந்த வாட்டி யோசிச்சு யோசிச்சு வரைஞ்சா. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவும், ரோட்டுல தண்ணி கிழிச்சு ஓடுற எடமும், லாரிக்கு வழி விட ஒதுங்குற எடமும், ஒண்ணு விடல. ராவும் பகலும் ஓட்டுன கை, ரோடு விரல் நுனியில இருக்கு. கொண்டு போயிக் குடுத்தா.

அவரு ரொம்ப நேரம் பாத்தாரு. "ரோடு அப்படியே இருக்கு. எனக்கே ஓட்டணும் போல இருக்கு." அப்புறம் மெதுவா, "மலை எங்க?"ன்னாரு.

ஒச்சம்மா அட்டைய வாங்கிப் பாத்தா. பாம்பு மாதிரி ரோடு கிடக்கு. சுத்தி வெறும் பச்சை. அத்தனை வருசம் அந்த மலையில ஏறி இறங்கிருக்கா, மலைய ஒரு நாளும் பாத்ததில்ல. அவளுக்கு அழுகை வரல, கோவம் வந்துச்சு. யாரு மேலன்னு தெரியல. விறுவிறுன்னு வெளிய போயி ஜீப்ப எடுத்துக்கிட்டுக் கிளம்பிட்டா.

"எங்க போனா?"

கண்மாய்க் கரைக்கு. ஊருக்கு வெளிய பெரிய கண்மாய். அந்தக் கரையில நின்னா மலை இந்த ஓரத்துல இருந்து அந்த ஓரம் வரைக்கும் வளைச்சுக்கிட்டு நிக்கும். ஜீப்ப நிறுத்தி, பானெட்ட மேசையாக்கி, அட்டைய வச்சுக்கிட்டு நின்னா.

முதல் நாள் மஞ்சு. மலைக்கு இடுப்பு வரைக்கும்தான் தெரியுது, மேல வெள்ளையாப் போர்வை. எப்ப விலகும், எப்ப விலகும்னு காத்துருந்தா. காலு ஓடச் சொல்லுது. கரையில முன்னுக்கும் பின்னுக்கும் நடக்குறா, திரும்ப வந்து பாக்குறா. மஞ்சு கொஞ்சம் கிழியும், ஒரு பாறை மூஞ்சியக் காட்டும், படக்குன்னு பிரஷ்ஷ எடுப்பா, அதுக்குள்ள மூடிக்கிரும். சாயங்காலம் வரைக்கும் ஒரு மடிப்பு கூடத் தேறல.

மறுநாள் மஞ்சு இல்ல. ஒச்சம்மா மளமளன்னு வரைஞ்சா. அடிவாரம் முடிஞ்சுச்சு, நடு மடிப்பு முடிஞ்சுச்சு, உச்சிக்குப் போறா, அப்போ மேல இருந்து ஒரே ஒரு சொட்டு. சொட்டுன்னு அட்டை நடுவுல விழுந்துச்சு. நகத்தளவு மலைக்கு ஒரு சொட்டு மழைன்னா வெள்ளம்தான? மொத்தமும் கரைஞ்சு ஓடிருச்சு. அவ அந்த அட்டையக் கண்மாயில வீசி எறிஞ்சா. அது மிதந்து போச்சு. கொஞ்ச நேரம் ஜீப்பு சக்கரத்த எட்டி எட்டி உதைச்சா. வலிச்சுச்சு. அப்புறம் வீட்டுக்குப் போனா.

சின்னமாயன் சோறு போட்டுட்டு, "விடு ஒச்சு. இம்புட்டுக் கஷ்டப்பட வேணாம். எனக்கு அந்த ஜீப்புப் படமே போதும்"னாரு.

அன்னிக்கு அவ உக்காந்து சாப்புட்டா. மொத மொதல்ல.

ம்?

"...ம்."

மூணாம் நாள் விடிஞ்சுச்சு. வானம் கழுவித் துடைச்ச மாதிரி இருக்கு. மலை இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடி வரைக்கும் சுத்தமாத் தெரியுது. இலை இலையாத் தெரியுது. ஒச்சம்மா கரையில நின்னு வரைய ஆரம்பிச்சா. தெக்கால இருந்து ஆரம்பிச்சா. பாதி மலை தாண்டிருப்பா. அப்போ ஊருப்பக்கம் ஒரே சத்தம். பாம், பாம், பாம். ஜீப்பு ஜீப்பா வருது. காய் எடுக்குற பொம்பளைங்க தலையில கட்டுச்சோத்து மூட்டையோட ஓடி வர்றாங்க.

"ஒச்சக்கா, ரோடு திறந்தாச்சு. வண்டிய எடு."

அவளுக்கு உடம்பெல்லாம் ஜிவ்வுன்னு ஏறுச்சு. எத்தனை நாள் காத்துருந்தா இதுக்கு. யோசிக்கவே இல்ல, ஏறி உக்காந்து சாவியத் திருகிட்டா. டுர்ர்ர்ர். அந்தச் சத்தம் காதுல பாயுது, நெஞ்சு குளுந்து போச்சு. பொம்பளைங்க பின்னாடி ஏற ஆரம்பிச்சுட்டாங்க.

அப்போ முன்னாடி கண்ணாடி வழியாப் பாத்தா. பானெட்டு மேல அட்டை இருக்குல்ல, அது எஞ்சின் ஆட்டத்துல டகடகடகன்னு குதிச்சுக்கிட்டு இருக்கு. பாதி மலை அதுல குதிக்குது. சிப்பியில கலரு தளும்புது.

அவ அட்டையப் பாத்தா. மலையப் பாத்தா. இப்படித் தெளிவா ஒருநாள் அந்த மாசத்துலேயே வரல. நாளைக்கு வருமான்னு யாருக்குத் தெரியும். வலது காலு அமுக்கு அமுக்குன்னு துடிக்குது.

எஞ்சின அமத்திட்டா.

"எல்லாரும் இறங்கி வேற ஜீப்புல ஏறிக்கங்க."

"ஏன்க்கா, வண்டி ரிப்பேரா?"

"இல்ல. எனக்கு இன்னிக்கு மலையப் பாக்கணும்."

பொம்பளைங்க ஒருத்திய ஒருத்தி பாத்துக்கிட்டாங்க. தினம் பாக்குற மலைய இவ எதுக்குப் பாக்கணும்னு முனகிக்கிட்டே இறங்கிப் போனாங்க. மத்த ஜீப்பெல்லாம் சேத்த வாரி அடிச்சுக்கிட்டு மேல போச்சு. அந்த உறுமல் தேஞ்சு தேஞ்சு மலைக்குள்ள போயி மறையிற வரைக்கும் அவ கேட்டுக்கிட்டே இருந்தா. காலு சொன்ன பேச்சக் கேக்கல. செருப்பக் கழட்டி எறிஞ்சுட்டு, கண்மாய்ச் சேத்துல ரெண்டு காலையும் கணுக்கால் வரைக்கும் புதைச்சு நிறுத்துனா. இப்ப ஓடு பாப்போம்னு சொன்னா, காலப் பாத்து.

அப்புறம் பிரஷ்ஷ எடுத்தா. ஒரு முடி. ஒரு மடிப்பு. அடுத்த மடிப்பு. பச்சையில எத்தனை பச்சை இருக்குன்னு அன்னிக்குத்தான் பாத்தா. அருவி இருக்குற எடம் தூரத்துல நூலு தொங்குற மாதிரி இருக்கு. அந்த அருவிய அவ பக்கத்துல பாத்துருக்கா, கண்ணாடியில தண்ணி தெறிக்குதேன்னு திட்டிருக்கா. இப்படி நூலாப் பாத்ததில்ல. சாப்புடல, தண்ணி குடிக்கல. வெயில் சாயிற நேரத்துல வடக்குக் கோடியில கடைசி மடிப்பப் போட்டு முடிச்சா. கழுத்தத் திருப்ப முடியல. சேத்துல இருந்து காலைப் பிடுங்குனா, பொளக்குன்னு வந்துச்சு.

வீட்டுக்கு வந்து, அட்டையச் சின்னமாயன் உள்ளங்கையில வச்சா.

அவரு அதக் கண்ணுக்கு நேரா எடுத்தாரு. கிட்டக் கொண்டு போனாரு. கொஞ்சம் தள்ளுனாரு. நின்னுட்டாரு. ஒச்சம்மாவுக்கு நிக்க முடியல. இந்தக் கால்ல இருந்து அந்தக் காலுக்கு மாத்தி மாத்தி நிக்கிறா. என்ன சொல்லப் போறாரோ. ரோடு எங்கன்னு கேப்பாரோ, எந்த ஊருன்னு கேப்பாரோ.

அவரு கொல்லைப்பக்கம் நடந்தாரு. துவைக்கிற கல்லுகிட்ட போயி நின்னு, அட்டையப் பாத்தாரு, தலையத் தூக்கி மலையப் பாத்தாரு. மறுபடி அட்டை, மறுபடி மலை.

"அந்தப் பாறை இங்க இருக்கு. அப்போ அதுக்கு இடது பக்கம்..." தலைய மெதுவாத் திருப்புனாரு. "ஆமா. மரம். சரிதான். மரத்துக்குக் கீழ அருவி இருக்கணும்." கண்ணக் கீழ இறக்குனாரு. "இருக்கு ஒச்சு. அருவி இருக்கு. எல்லாம் அது அது எடத்துல இருக்கு."

அப்படியே தெக்கு ஓரத்துல இருந்து வடக்கு ஓரம் வரைக்கும் தலையத் திருப்பிக்கிட்டே போனாரு. இந்த வாட்டி எங்கயும் தொலையல. கடைசி மடிப்பு வந்ததும் நிறுத்தி, மூச்ச விட்டாரு. கண்ணுல தண்ணி, ஆனா துடைக்கல. துடைச்சா அந்த நேரம் மலை மறைஞ்சு போகும்ல.

"இதுல ரோடு எங்க போகுது?"ன்னு கேட்டாரு.

அவ அவரு விரலப் பிடிச்சு, அட்டையில தொடாம, காத்துலயே காட்டுனா. "இந்த மடிப்புல ஏறும். இங்க உள்ள போயி மறையும். அருவிக்கு மேல வெளிய வரும். அப்புறம் இந்தக் கணவாய்க்குப் போயிரும்."

"சரி"ன்னாரு.

மறுநாள் விடியக்காலையில ஒச்சம்மா ஜீப்ப எடுத்தா. பொம்பளைங்க எல்லாம் ஏறுனாங்க. டுர்ர்ர்ருன்னு போனா. பழைய வேகந்தான், பழைய பறப்புதான், அதெல்லாம் ஒண்ணும் மாறல.

சாயங்காலம் வந்து இறங்குனதும் சின்னமாயன் தண்ணிச் செம்பக் குடுத்துட்டுக் கேட்டாரு, "காலையில அருவிக்கு மேல இருக்குற வளைவுல ஏன் அம்புட்டு நேரம் வண்டிய நிறுத்துன?"

ஒச்சம்மா செம்பக் கீழ வச்சுட்டா. "உனக்கு யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும். அந்த மடிப்புலயே கண்ண வச்சுக்கிட்டு இருந்தேன். வெள்ளையா ஒரு புள்ளி வந்துச்சு. நின்னுச்சு. அப்புறம் போச்சு."

அவ மலைப்பக்கம் திரும்புனா.

"கீழ நீ தெரியிறியான்னு பாத்தேன் மாமா."

"தெரிஞ்சேனா?"

"இல்ல. ஊரு மட்டும்தான் தெரிஞ்சுச்சு."

"எனக்கு நீ தெரிஞ்ச"ன்னாரு அவரு.

...ம்?

ம் சொல்ல மாட்டேங்குற. காலும் ஆடல. சரி. ஜீப்பு வீட்டுக்கு வந்துருச்சு, எஞ்சின அமத்தியாச்சு, கதையும் அவ்வளவுதான். நீ தூங்கு தங்கம்.